துப்பாக்கியின் திருகுமூடி

எங்கள் வீட்டுத் துப்பாக்கிக்கு முதுகில் கூன் உண்டு. ஊரைவிட்டுப் போன ஒரு வெள்ளைக்காரரிடம் தாத்தா வாங்கியது. சுட்டால் குழலே ஆமைத் தலைபோல உள்ளே போய்த் திரும்பும். காலித் தோட்டாவைத் துப்பிவிட்டு அடுத்ததைத் தானே ஏற்றிக்கொள்ளும்.

அப்பா அதைப் பிரித்துத் துடைக்கும்போது எனக்கும் ஒரு வேலை. குழலுக்குக் கீழே முனையிலுள்ள திருகுமூடியைக் கழற்றி என் கையில் கொடுப்பார். அது இல்லாவிட்டால் குழல் நிற்காது.

"கெட்டியாப் புடிச்சுக்க பாப்பா. இது போச்சுன்னா துப்பாக்கி வெறும் உலக்கை."

நாலாவது படித்துக்கொண்டிருந்த எனக்கு அதைவிடப் பெரிய உத்தியோகம் தெரியாது.

அந்தத் தை மாதம் அறுவடை நின்றுபோனது. புது ஆட்சி வந்திருந்த சமயம். எங்கள் வயலில் வேலை செய்த ஆட்கள் கூலிநெல்லைக் கூட்டிக் கேட்டார்கள். அப்பா வீம்புக்கு வெளியூர் ஆட்களை வரச் சொன்னார். "நாளைக்கு எவன் மறிச்சாலும் சுட்டுருவேன்" என்று சாப்பிடும்போது சொன்னார். அம்மா ரசம் ஊற்றினாள்.

காலையில் நான் கிணற்றடியில் பல் துலக்கிக்கொண்டிருந்தேன். அம்மா முந்தானையில் எதையோ மறைத்துக்கொண்டு வந்து மோர்ப்பானைக்குள் போட்டாள். திருகுமூடி! அம்மா செய்தால் காரணம் இருக்கும் என்று இருந்துவிட்டேன்.

கொஞ்ச நேரத்தில் வயல் வேலைகளை மேற்பார்க்கும் காரியக்காரர் ஓடிவந்தார். "ஆணும் பொண்ணுமா வரப்புல உக்காந்து மறிக்கிறாங்கய்யா!"

அப்பா போய்த் துப்பாக்கியைத் தூக்கினார். குழல் தனியே கழன்று தரையில் விழுந்தது.

"கயித்தால கட்டிப் பாக்கலாங்களாய்யா?" என்றார் காரியக்காரர்.

"கட்டுய்யா. கட்டி நீயே சுடு. எவன் மூஞ்சி போவுதுன்னு பாப்போம்."

வீடே தேடியது. அம்மாவும் கட்டிலுக்கடியில் குனிந்து மும்முரமாகத் தேடினாள். வியர்த்துப்போன அப்பா மோர் கேட்டார். அம்மா பானையைச் சாய்க்காமல் மேலாக மொண்டு கொடுத்தாள். ஒரு வாய் குடித்தவர் முகத்தைச் சுளித்தார்.

"என்ன இது, எண்ண வாடை அடிக்குது?"

"வெளக்குத் தொடச்ச கைங்க."

அப்பாவின் கண் என்மேல் விழுந்தது. "பாப்பா, நீதானே எப்பவும் வச்சிருப்ப. எங்க அது?"

என் கண் தானாக மோர்ப்பானைப் பக்கம் திரும்பியது.

பளீரென்று ஓர் அறை. அதுவரை என்னைத் தொட்டு அடிக்காத அம்மா.

"வெளையாட எடுத்துட்டுப் போயி வாய்க்கால்ல போட்டுட்டு முழிக்கிறதப் பாருங்க!"

செய்தது அவள், அடி எனக்கு. கொன்றாலும் சொல்லக்கூடாது என்று உதட்டைக் கடித்துக்கொண்டேன்.

"சனியன்" என்றார் அப்பா. குடையை எடுத்துக்கொண்டு வயலுக்குப் போனார். பொழுது சாயும்வரை இரண்டு பக்கமும் ஏசிக்கொண்டார்களாம். யாரோ எறிந்த மண்ணாங்கட்டியில் குடைக்கம்பி ஒன்று வளைந்தது. கூலி பேசி முடிந்தது. மறுநாள் எங்கள் ஆட்களே அறுத்தார்கள். மூடி கடைசிவரை அப்பா கைக்குத் திரும்பவில்லை.

ஒரு வாரம் நான் அம்மாவோடு பேசவில்லை. பழியை என் தலையில் போட்டுத் தான் தப்பித்துக்கொண்டாள் என்றுதான் நினைத்தேன்.

பிறகு ஒருநாள்தான் யோசித்துப் பார்த்தேன். மோர்ப்பானை எனக்கு இடப்புறம் இருந்தது. அறை விழுந்ததும் இடக்கன்னத்தில்தான். விழுந்த வேகத்தில் என் முகம் மறுபக்கம், கிணற்றைப் பார்த்துத் திரும்பியிருந்தது.