உப்புத் தேத்தண்ணி

கரம்பொன் வாசிகசாலையில் கூட்டம். மோட்டர் போட்டுக் கிணறு இறைப்பதற்கு நேரக் கட்டுப்பாடு வேண்டுமென்று, சுற்றாடல் நிறுவனத்தின் சார்பில் நான் முழங்கிக்கொண்டிருந்தேன். இடையில் தந்த தேத்தண்ணி கரித்தது. அந்த ஒரு மிடறிலேயே எனக்குக் கதிரையில் இருப்புக் கொள்ளவில்லை. எனக்கு மறுபடியும் பத்து வயது.

எங்கள் ஒழுங்கையில் உள்ள வீடுகளுக்கெல்லாம் நல்ல தண்ணிக் கிணறு ஒன்றுதான். மேலே நன்னீர், அடியில் உவர். அதனால் வாளியைச் சரித்து, மேல்தண்ணியை மட்டும் மெல்ல அள்ளவேண்டும். அக்காவைப் பெண் பார்க்க வந்த அன்று எனக்கு விளையாடப் போகும் அவசரம். வாளியை அடிவரை விட்டுக் கலக்கி, நாலே இழுவையில் குடத்தை நிரப்பிவிட்டேன். அந்தத் தண்ணியில்தான் அக்கா வந்தவர்களுக்குத் தேத்தண்ணி போட்டா.

"சீனியெண்டு உப்பைப் போட்டிட்டாவோ பிள்ளை?" என்று கேட்டா மாப்பிள்ளையின் தாய். அந்தச் சம்பந்தம் அதோடு சரி. அக்கா குசினிக்குள் அடுப்படியில் நின்று அழுதா. ஊர் அவவின் கைப்பக்குவத்தைப் பழித்தது. நான் வாயே திறக்கவில்லை.

"தம்பி, மோட்டர் அடித்தண்ணியை இழுத்தால் உப்பு வருமெண்டு நீர் கண்ணாலை கண்டனீரோ?" என்று கூட்டத்தில் தோட்டக்கார ஐயா ஒருவர் எழும்பினார்.

தடித்த அறிக்கையை மூடிவிட்டு வாளிக் கதையைச் சொன்னேன். சபை சிரித்தது. அவர் சிரிக்கவில்லை.

"உம்மடை அக்காவிட்டை இதைச் சொன்னனீரோ?"

"இல்லை ஐயா."

"முதல்லை அவவுக்குச் சொல்லும். பிறகு வந்து எங்களுக்குச் சட்டம் போடும்."

தீர்மானம் அடுத்த கிழமைக்குத் தள்ளிப்போனது. நீர்க் கொள்கைக்கு இப்படியொரு தடை வருமென்று எங்கள் அறிக்கையில் எங்குமே இல்லை.