மாரியப்பன் காலும் புது அறையும்

ஆரோக்கியசெல்விக்கு எதையாவது தெரிந்துகொள்ளாவிட்டால் சோறு இறங்காது. முகையூரில் பிறந்து, விழுப்புரத்தில் நர்ஸுக்குப் படித்து, திண்டிவனத்தில் வாழ்க்கைப்பட்டவள். பஸ்ஸில் பக்கத்தில் உட்காருகிறவர் இறங்குவதற்குள் அவர் மருமகள் எந்த ஊர் என்பதுவரை கறந்துவிடுவாள். திண்டிவனத்தில் டாக்டர் அரங்கநாதனின் சின்ன கிளினிக்கில் அவள்தான் நர்ஸ். காய்ச்சலென்று வந்தவன் முந்தின நாள் என்ன தின்றான் என்று அவளே துருவிக் கேட்டு வைத்திருப்பாள், டாக்டருக்குப் பாதி வேலை மிச்சம்.

அப்படிப்பட்டவளிடம் போய் டாக்டர் ஒருநாள் சொன்னார்: "செல்வி, இன்ஸ்பெக்‌ஷன் முறை மாறிடுச்சு. இனிமே தேதி சொல்ல மாட்டாங்களாம். திடீர்னு வந்து நிப்பாங்க."

"வந்து இன்னா சார் பாப்பாங்க?"

"அதுதான் யாருக்கும் தெரியல. கட்டு கட்ற ரூம் சரியில்லன்னா சீல் வெச்சிடுவாங்கன்னு பேசிக்கிறாங்க."

முன்பெல்லாம் இன்ன தேதி வருகிறோம் என்று விழுப்புரம் சுகாதார அலுவலகத்திலிருந்து தகவல் வரும். முந்தின நாள் தரையைக் கழுவி விடுவார்கள். வருகிறவர் சுவரில் மாட்டியிருக்கும் சான்றிதழ்களைப் பார்ப்பார், டீயும் போண்டாவும் சாப்பிடுவார், போய்விடுவார். இப்போது வரப்போகிறவர் எப்படி இருப்பார், எதைத் திறந்து பார்ப்பார்? செல்விக்கு இதே யோசனை.

பயமும் இருந்தது. சர்க்கரைப் புண்ணோடு வருகிற மாரியப்பனை நினைத்துத்தான் அதிகம் பயந்தாள். ஒலக்கூர் பக்கம் கூலி வேலை செய்கிறவர். கட்டைவிரல் ஏற்கெனவே போய்விட்டது, மிச்சப் பாதம் செல்வி கட்டுகிற கட்டால்தான் பிழைத்துக் கிடந்தது. பெரியாஸ்பத்திரி என்றாலே காலை எடுத்துவிடுவார்கள் என்று நடுங்குவார். இந்த அறையை மூடினால் பச்சிலையை அரைத்துக் கட்டிக்கொண்டு வீட்டிலேயே கிடப்பார், கால் போய்விடும்.

எனவே அறைக்கு வெள்ளை அடித்தார்கள். கட்டிலுக்குப் புது ரெக்சின், தலைக்கு மேல் புது ஃபேன், கழிவைப் பிரித்துப் போட மஞ்சள், சிவப்பு என்று நிறம் நிறமாகக் குப்பைத் தொட்டிகள். புது ஃப்ரிட்ஜ் வாங்கினால் நாம் பிளாஸ்டிக் உறையைக் கழற்றுகிறோமா என்ன? செல்வியும் தொட்டிகளின் உறையைக் கழற்றவில்லை. எந்த நேரமும் வருவார்கள் என்றால் எந்த நேரமும் அறை பளபளவென்று இருக்க வேண்டும். சீழும் ரத்தமும் அதில் எப்படிப் படலாம்? அறையைப் பூட்டிவிட்டு, கட்டு கட்டுகிற வேலையைப் பின்பக்கம், தண்ணீர்த் தொட்டியோரம் தகரக் கூரைக்குக் கீழே கொண்டுபோனாள். "நல்ல ஐடியா" என்றார் டாக்டர். படித்தவரின் அழகு!

ஒருநாள் காலை ஷேர் ஆட்டோவிலிருந்து குடையோடு ஓர் அம்மாள் இறங்கினார்.

"எந்த ஊருங்க? உடம்புக்கு இன்னா?" என்றாள் செல்வி.

"உடம்புக்கு ஒண்ணுமில்ல. என் பேரு செண்பகம். விழுப்புரத்துலேருந்து இன்ஸ்பெக்‌ஷனுக்கு வர்றேன்."

செல்வி ஓடிப்போய்ப் பூட்டைத் திறந்தாள். செண்பகம் மஞ்சள் தொட்டியின் மிதியைக் காலால் அழுத்தினார். பிளாஸ்டிக் உறை சரசரத்தது.

"ரொம்ப அழகா இருக்கு. நேத்து இங்க யாருக்குக் கட்டு மாத்தினீங்க?"

செல்வி வாயைத் திறப்பதற்குள் மாரியப்பன் நொண்டிக்கொண்டே வந்தார். யாரையும் பார்க்காமல் நேராகப் பின்பக்கம் போய், ஸ்டூலில் காலைத் தூக்கி வைத்துக்கொண்டு, "சிஸ்டரம்மா, வந்துட்டேன்!" என்று குரல் கொடுத்தார்.

செண்பகம் பின்னாலேயே போனார். தண்ணீர்த் தொட்டியைப் பார்த்தார், ஈக்களைப் பார்த்தார். டாக்டருக்கு வேர்த்துவிட்டது.

"இதுக்கு இன்னிக்கே நான் சீல் வைக்கலாம்" என்றார் செண்பகம். பிறகு கொஞ்சம் யோசித்து, "இவரை அந்த ரூமுக்குக் கூட்டிவந்து கட்டுங்க. நீங்க வேலை செய்யறதப் பாக்கத்தான் நான் வந்ததே."

மாரியப்பன் அறை வாசல்வரை வந்து செருப்பைக் கழற்றினார். உள்ளே வரவில்லை.

"வேணாம்மா. நான் பின்னாடியே உக்காந்துக்கறேன்."

"ஏண்ணா?"

"இது நம்மள மாரி ஆளுங்களுக்கு இல்லியேம்மா. பெரிய வூட்டு ஆளுங்களுக்குத்தான?"

"யாரு சொன்னது?"

"யாரும் சொல்லல. நீதான பின்னாடி போகச் சொன்ன."

செல்விக்கு முகத்தில் அறைந்தது போலிருந்தது. அவள் அம்மா கூலிக்குப் போன வீட்டில் கேப்பைக்கூழைப் பின்வாசலில்தான் ஊற்றுவார்கள். அந்த வீட்டு முன்னறை எப்படி இருக்கும் என்று எட்டிப் பார்க்கச் சின்ன வயதில் எவ்வளவு தவித்திருக்கிறாள்! ஊரில் எல்லாரையும் துருவுகிறவள், தினமும் வாய் பேசாமல் பின்பக்கம் போன இந்த மனிதரை ஒரு வார்த்தை கேட்கவில்லை. அவளுக்கு அவமானமாக இருந்தது.

கையைப் பிடித்து உள்ளே அழைத்துவந்து படுக்க வைத்தாள். தொட்டிகளின் உறையைக் கிழித்தாள். பழைய கட்டை அவிழ்த்து மஞ்சள் தொட்டியில் போட்டாள். புது ரெக்சினில் சீழ் சொட்டியது. செண்பகம் ஒரு நாற்காலியில் உட்கார்ந்து கடைசிவரை பார்த்தார்.

"பின்பக்கம் இனிமே யாரும் உக்காரக் கூடாது. சீல் வைக்கல. ஆனா திரும்பி வருவேன்."

"எப்ப வருவீங்க மேடம்?" செல்வியின் வாய் சும்மா இருக்குமா?

செண்பகம் சிரித்துக்கொண்டே குடையை விரித்தார்.

மாரியப்பன் படுத்தபடியே அறையைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். ஃபேன் எங்கே வாங்கியது, மஞ்சள் தொட்டி எதற்கு, சிவப்பு எதற்கு என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். செல்வி எல்லாவற்றுக்கும் பதில் சொன்னாள்.