மச்சான் வீட்டு ஈஸ்ட்

ஆனையூரில் எங்கள் வீட்டு ஃப்ரிட்ஜில், மாவுச் சட்டிக்குப் பக்கத்தில் எப்போதும் ஒரு கண்ணாடி பாட்டில் இருக்கும். அதில் இருப்பது ஈஸ்ட். இஞ்சி பீர் போடுவது என் பொழுதுபோக்கு. பெயரில்தான் பீர், குடித்தால் ஏப்பம்தான் வரும். இஞ்சியும் சீனியும் போட்டுக் கொதிக்க வைத்த தண்ணீர் நன்றாக ஆறிய பிறகு ஈஸ்டைச் சேர்க்க வேண்டும். நுரைத்து அடங்கியதும் அடியில் தங்கும் வெள்ளை வண்டலை எடுத்து வைத்தால், அடுத்த தடவைக்கு அதுவே ஈஸ்ட். ஒரே பொட்டலத்தில் ஆரம்பித்து வருடக்கணக்கில் ஓட்டினேன். அதில் எனக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு.

அந்த வண்டலில் பாதியை நாகமலை புதுக்கோட்டையில் இருக்கும் என் மனைவியின் அண்ணனுக்குக் கொடுத்தேன். அவரும் போட ஆரம்பித்தார். பிறகு ஒரு காதுகுத்து விருந்தில், சொந்தக்காரர்கள் முன்னால், "மாப்ள போடுறது வெறும் சர்பத்து. நம்ம வீட்டுக்கு வாங்க, அதுதான் பீரு" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். எனக்குப் பொசுக்கென்று கோபம் வந்துவிட்டது. என்னிடமே வாங்கிக்கொண்டு என்னையே வாருவதா? அவர் வீட்டுப் பக்கம் போவதை நிறுத்தினேன். அவரும் வரவில்லை.

இந்த மே மாதம் டேங்க் தண்ணீரே கொதிக்கிற வெயில். இஞ்சித் தண்ணீர்ப் பாத்திரத்தைத் தொட்டுப் பார்த்தேன். குழாய்த் தண்ணீர் அளவுக்குத்தான் சுட்டது. ஆறிவிட்டது என்று நினைத்து, மிச்சம் வைக்காமல் ஈஸ்டை முழுக்கக் கொட்டினேன். எல்லாம் வெந்து செத்துவிட்டது. ஒரு குமிழிகூட வரவில்லை. பேக்கரி ஈஸ்டைப் போட்டுப் பார்த்தால் பன் வாசம் அடித்தது.

"எங்கண்ணன்கிட்ட கேக்க வேண்டியதுதான?" என்றாள் மனைவி.

செத்தாலும் மாட்டேன் என்றேன். ஞாயிற்றுக்கிழமை காலையில் பைக்கை எடுத்துக்கொண்டு போனேன்.

"வாங்க மாப்ள" என்றார் மச்சான், நேற்றுதான் வந்து போனவனிடம் சொல்வதுபோல. விஷயத்தைச் சொன்னேன். எழுந்துபோய் ஃப்ரிட்ஜைத் திறந்தார். ஒரு பாட்டில் நிறைய வெள்ளை வண்டல். பக்கத்தில் மூடி திறக்காத இஞ்சி பீர் பாட்டில்கள்.

அவர் மனைவி சொன்னார்: "எடுத்துட்டுப் போங்கண்ணே. சுகர் வந்ததுலருந்து இவரு ஒரு வாய் குடிக்கிறதில்ல. புள்ளைகளும் சீண்டுறதில்ல. ஆனாலும் மாசாமாசம் போட்டுப் போட்டுக் கீழ ஊத்துறாரு. கேட்டா, போடாம விட்டா ஈஸ்ட் செத்துரும், மாப்ள என்னைக்காவது வந்து கேப்பாருங்கிறாரு."

"அவ கெடக்கா" என்று மச்சான் பாட்டிலைத் துடைக்க ஆரம்பித்தார். என் முகத்தைப் பார்க்கவில்லை. எனக்கு வெட்கமாக இருந்தது, அதைவிடச் சந்தோஷமாக இருந்தது.

"பாதி போதும் மச்சான். இனிமே மாசாமாசம் வாரேன். நீங்க போடுங்க, நான் குடிக்கிறேன்."

"எம்புட்டு குடிப்பீக?"

"போடுற அம்புட்டும்" என்றேன்.