பூஜை நாளில் நட்ட மைல்கற்கள்

என் மாமாவுக்கு நான் செய்த அநியாயத்தைச் சொல்வதற்கு முன் எங்கள் ரோட்டைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். பாலக்காட்டை அடுத்த சித்தூரிலிருந்து கிழக்கே பொள்ளாச்சிப் பக்கம் போகிற ரோடு அது. பாலக்காடு மதராஸ் மாகாணத்துக்கும் சித்தூர் கொச்சி ராஜ்யத்துக்குமாக இருந்த காலத்தில் மைல் கணக்கும் எல்லைக்கு எல்லை மாறும். கேரளம் என்று ஒன்றாக்கிய மறு வருஷம், இனி எல்லாக் கல்லும் பாலக்காட்டிலிருந்துதான் எண்ணப்படும் என்று உத்தரவு வந்தது. பழைய கல்லைப் பிடுங்கிப் புதுக் கல் நட வேண்டும். எங்கள் பக்கத்து ஐந்து மைலுக்கு மேஸ்திரி, என் அம்மாவின் தம்பி.

மாமா தினமும் வேலை முடிந்து எங்கள் வீட்டுக்கு வருவார். சட்டைப்பையிலிருந்து ஏதாவது ஆபீஸ் காகிதத்தை எடுத்து, "எங்கே, படி பாக்கலாம்" என்பார். மலையாளமோ தமிழோ, நான் கடகடவென்று படிப்பேன். ஒரு கடலைமிட்டாய் கிடைக்கும். எங்கள் வாத்தியாரைவிட மாமா கெடுபிடி என்று எனக்கு நினைப்பு.

சரஸ்வதி பூஜையன்று மட்டும் நிலைமை வேறு. புத்தகமெல்லாம் பூஜையில் இருக்கும். ஒரு எழுத்துகூடப் படிக்கக் கூடாது. மாமா அன்று பார்த்துத் தீப்பெட்டியை நீட்டி, மேலே என்ன எழுதியிருக்கிறதென்று கேட்பார். நான் மறந்துபோய்ப் படித்ததும், "படிச்சுட்டா! சாமி கண்ணைக் குத்தப் போகுது!" என்று ஊரைக் கூட்டுவார். மூன்று வருஷம் ஏமாந்து அழுதிருக்கிறேன்.

அந்த வருஷம் பூஜையன்றே புதுக் கற்கள் வண்டியில் வந்தன. ரோட்டு வேலைக்காரர்கள் ஆயுத பூஜைக்குக் கடப்பாரை, மண்வெட்டியோடு மைல்கல்லுக்கும் சந்தனம் வைத்து மாலை போடுவார்கள். புதுக் கல்லை நட்டே பூஜை போடலாம் என்று ஆட்களுக்கு ஆசை. மறுநாள் காலை அதிகாரியின் ஜீப் வேறு வருகிறது. எங்கள் வீட்டெதிரே கிடந்த ஐந்து கல்லில் எது எங்கே என்று எல்லோரும் மாமாவின் முகத்தைப் பார்த்தார்கள். மாமா என்னைக் கூப்பிட்டார்.

"கண்ணு, இதுல என்ன நம்பர் போட்டிருக்குது, படி பாக்கலாம்."

நானா ஏமாறுவேன்? இரண்டு கையாலும் கண்ணைப் பொத்திக்கொண்டேன். "இன்னிக்குப் படிக்க மாட்டேன், ஏமாத்தாதீங்க மாமா!"

ஆட்கள் சிரித்தார்கள். மாமாவும் சிரித்தார். பிறகு குனிந்து என் காதருகே, "வெளையாட்டில்லீங் கண்ணு. எனக்கு மட்டும் மெதுவாச் சொல்லு சாமி" என்றார். அவர் அப்படிக் கெஞ்சி நான் கேட்டதில்லை. இந்த வருஷம் நடிப்பு பிரமாதம் என்று எண்ணி, வீட்டுக்குள் ஓடிவிட்டேன்.

மறுநாள் ஜீப் வந்தது. ரோட்டில் பதினொன்றாம் கல்லுக்கு அப்புறம் பதினாலு, அதற்கு அப்புறம் பன்னிரண்டு. எல்லாம் சந்தனம் பூசி, செவ்வந்தி மாலை போட்டுக்கொண்டு நின்றன. அதிகாரி முதலில் சிரித்தாராம். அப்புறம் ஒரு காகிதத்தை நீட்டி மாமாவைப் படிக்கச் சொன்னாராம். எழுதப் படிக்கத் தெரிந்தவருக்குத்தான் மேஸ்திரி வேலை. தெரியும் என்று சொல்லித்தான் மாமா அதில் ஏறியிருந்தார். அவரைக் கூலியாளாக இறக்கி, குமுளி மலை ரோட்டில் சரிகிற மண்ணை அள்ளிப்போட அனுப்பிவிட்டார்கள்.

எனக்குக் கல்யாணமான பிறகுதான் அம்மா இதையெல்லாம் சொன்னாள். ஐந்து கல், ஐந்து நம்பர். சொல்ல அரை நிமிஷம் ஆகியிருக்காது. இன்றைக்கும் பஸ்ஸில் போகும்போது மைல்கல்லைக் கண்டால் வாய்விட்டுப் படித்துவிடுகிறேன்.

அந்தப் பூஜை கழிந்து வந்த பொங்கலுக்கு மாமா வந்தார். உள்ளங்கையெல்லாம் காய்த்துப் போயிருந்தது. சட்டைப்பையில் ஒரு காகிதம் தெரிந்தது. நானே கையை நீட்டினேன். "இருக்கட்டும் கண்ணு" என்று பையைப் பொத்திக்கொண்டு, மிட்டாயை மட்டும் கொடுத்தார். இனி என்னைச் சோதிக்கவே வேண்டாம், அவ்வளவு நன்றாகப் படிக்கிறேன் என்று அன்றைக்கு எனக்கு ஒரே பெருமை.