பன்னீர்திராட்சை கேட்கச் சொன்ன கேள்வி

கம்பத்து ரெஹானாவை எங்கெங்கோ இருக்கிற பலருக்குத் தெரியும். அவள் ரெஹானா என்பதுதான் தெரியாது. கம்ப்யூட்டர் வாங்கவும் பழுது பார்க்கவும் அந்தத் துறையில் வேலை தேடவும் தமிழில் யோசனை கேட்டுக்கொள்ளும் இணையக் குழு ஒன்றில் அவளுக்குப் பெயர் 'பன்னீர்திராட்சை'. முகம் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு திராட்சைக் கொத்துதான் இருக்கும். கம்பம் பன்னீர் திராட்சைக்குப் பேர்போனது என்பதால், அதைப் பார்த்தே சிலர் ஊரைக் கண்டுபிடித்துவிட்டார்கள். ஆள் விஷயத்தில் மட்டும் எல்லோரும் ஒரே முடிவுக்கு வந்திருந்தார்கள். மதர்போர்டைப் பற்றி இவ்வளவு பேசுகிறவர் ஐம்பதைத் தாண்டிய, கண்ணாடி போட்ட ஓர் ஆணாகத்தான் இருக்க வேண்டும். 'திராட்சைண்ணே' என்றார்கள். கூடுதல் மரியாதைக்காரர்கள் 'ஐயா' என்றார்கள். திருத்தப் போனால் பேச்சு மதர்போர்டை விட்டுவிட்டுத் தன் பக்கம் திரும்பிவிடும் என்று ரெஹானா அப்படியே விட்டுவிட்டாள்.

அவளுக்கு வயது முப்பத்தாறு. கணவர் அப்துல் அஜீஸ் பள்ளிவாசல் தெருவில் கடை வைத்திருக்கிறார். அத்தர், தொப்பி, தொழுகை விரிப்பு, தஸ்பீஹ் மணி, எல்லாவற்றுக்கும் மேலாகச் சாம்பிராணி. கடையின் கல்லா மேசையில் ஒரு கம்ப்யூட்டர். பில் போட வாங்கியது. வாங்கிய சில மாதங்களிலேயே அது விழிக்க மறுத்துவிட்டது. திரை இருட்டு, உள்ளேயிருந்து 'பீப் பீப்' என்று ஒரு முனகல். அப்போதுதான் ரெஹானா முதன்முதலாக அந்தக் குழுவில் எழுதினாள்.

யாரோ ஒருவர் பதில் சொன்னார். பெயருக்குப் பதில் வெறும் எண்கள். பக்கவாட்டுத் தகட்டைக் கழற்றிப் படம் எடுத்து அனுப்பச் சொன்னார். அனுப்பினாள். படத்தில் ஒரு இடத்தை வட்டம் போட்டு, அங்கே செருகியிருக்கிற மெமரிப் பட்டையை மெதுவாக உருவி, அதன் தங்க நிற ஓரத்தைப் பள்ளிக்கூட ரப்பரால் துடைத்து மாட்டச் சொன்னார். இவள் பயந்து பயந்து கேட்ட ஒவ்வொரு அசட்டுக் கேள்விக்கும் சலிக்காமல் பதில் வந்தது. துடைத்து மாட்டினாள். திரை வெளிச்சமானது. நன்றி எழுதுவதற்குள் அந்த மனிதர் போய்விட்டார், பிறகு வரவே இல்லை. ரெஹானாவுக்கு மெஷின் உயிர் பிழைத்ததுகூடப் பெரிதாகத் தெரியவில்லை. முகம் தெரியாத ஒரு ஆள், எந்த ஊரிலோ தன் வேலையைப் போட்டுவிட்டு, கம்பத்தில் இருக்கிற ஒருத்திக்காக இவ்வளவு நேரம் உட்கார்ந்திருந்தாரே என்பதை நினைத்து நினைத்து மலைத்துப் போனாள்.

அந்த மலைப்புதான் அவளைப் படிக்க வைத்தது. கடையில் ஆள் இல்லாத நேரமெல்லாம் குழுவின் பழைய கேள்வி பதில்களைப் படித்தாள். பழைய சாமான் கடையில் செத்த கம்ப்யூட்டர்களை வாங்கிவந்து பிரித்துப் பார்த்தாள். அஜீஸ் அவற்றுக்கு இடம் ஒதுக்கிக் கொடுத்தார். தொப்பி அடுக்குகிற அலமாரியில் ஒரு தட்டு மட்டும் ஹார்டு டிஸ்குகளுக்குப் போய்விட்டது என்று வருகிறவர்களிடம் குறைப்பட்டுக்கொள்வார், ஆனால் அந்தத் தட்டைத் துடைத்து வைப்பதும் அவர்தான்.

பிறகு அவளே பதில் சொல்ல ஆரம்பித்தாள். ஒருமுறை வடுகபட்டியிலிருந்து ராஜபாண்டி என்று ஒருவர் எழுதினார். பூண்டு மண்டியில் கணக்குப் பார்க்கிறவர். மெஷின் கொதிக்கிறது என்றார். தூசி உண்டா என்று கேட்டாள். கிடையவே கிடையாது, தினமும் பெருக்குகிறோம் என்றார். இவள் விடாமல், மெஷினுக்குப் பக்கத்தில் என்னதான் வைத்திருக்கிறீர்கள் என்று கேட்டாள். "ஒண்ணுமில்லண்ணே, பூண்டு மூட்டைதான்" என்று பதில் வந்தது. திறந்து பார்த்தால் விசிறி நிறையப் பூண்டுத் தோல்.

அன்று குழுவில் எல்லோருக்குமாக அவள் ஒன்று எழுதி வைத்தாள். கேட்டதற்கு ஒருவர் 'இல்லை' என்று சொன்னால், அதே கேள்வியை வேறு வார்த்தையில் இன்னொரு தரம் கேளுங்கள். யாரும் பொய் சொல்வதில்லை. பழகிப்போனது கண்ணில் படாது, அவ்வளவுதான்.

வேலை பற்றியும் கேட்பார்கள். கடமலைக்குண்டிலிருந்து, பண்ணைப்புரத்திலிருந்து, திருப்பூரிலிருந்து, துபாயிலிருந்து. தேனி பஜார் பாத்திரக்கடை ஞானசிகாமணியின் மகள் பிரின்சி அப்படிக் கேட்டவள்தான். நேர்காணலுக்குப் போனாலே வாய் கட்டிப்போகிறது என்று புலம்பினாள். தெரியாததைத் தெரியாது என்று சொல், ஆனால் அதை எப்படிக் கண்டுபிடிப்பாய் என்பதையும் சேர்த்துச் சொல் என்று ரெஹானா எழுதினாள். பிரின்சிக்கு ஒரு நிறுவனத்தில் வேலை கிடைத்தது. வெளியூர்க்காரர்களின் கம்ப்யூட்டர் கோளாறுகளை வீட்டிலிருந்தே தீர்த்துவைக்கிற வேலை. அண்ணனுக்கு நன்றி சொல்ல வேண்டும் என்று அடம்பிடித்து எண் வாங்கிப் பேசியவள், எதிர்முனையில் பெண் குரலைக் கேட்டதும் அண்ணனைக் கூப்பிடச் சொன்னாள். அவளுக்குப் புரிய வைப்பதற்குள் ரெஹானாவுக்குப் போதும் போதும் என்றாகிவிட்டது.

குழுவில் சொல்லமாட்டேன் என்று சத்தியம் செய்த பிரின்சி, கொஞ்ச நாளில் இன்னொரு விஷயத்தைப் பிடித்துக்கொண்டாள். தன் நிறுவனத்தில் மறுபடி ஆள் எடுக்கிறார்கள், விண்ணப்பம் போடுங்கள் என்றாள். ரெஹானா என்னென்னவோ சாக்குச் சொன்னாள். பிரின்சி கேட்டபாடில்லை.

"எல்லாரையும் வேலைக்குப் போங்க போங்கங்கிறீக. நீங்க மட்டும் ஏங்க்கா அங்கனயே உக்காந்திருக்கீக?"

ரெஹானா யோசித்துப் பார்த்தாள். எத்தனையோ பேரை வேலைக்கு அனுப்பியவள், தனக்கென்று ஒரு விண்ணப்பம் போட்டதில்லை. போட்டாள். நேரலைத் தேர்வுக்குக் கூப்பிட்டார்கள். வெள்ளிக்கிழமை மதியம் மூன்று மணி. சொந்த மெஷினில்தான் எழுத வேண்டும், நடுவில் அணைந்தால் அத்தோடு முடிந்தது. வீட்டிலிருந்தே பார்க்கிற வேலைக்கு மெஷினும் சேர்ந்துதானே பரீட்சை எழுத வேண்டும்.

முந்தின வெள்ளிக்கிழமை ஒரு ஒத்திகை பார்த்தாள். பாதியில் மெஷின் பொட்டென்று அணைந்தது. மறுநாள் காலையிலிருந்து மாலைவரை ஓடவிட்டாள், சமர்த்தாக ஓடியது. மின்சாரம் கொடுக்கிற பெட்டியை மாற்றினாள். தூசியை ஊதினாள். யோசித்துப் பார்த்தால் இரண்டு மூன்று வாரமாகவே இப்படி எப்போதாவது அணைந்துகொண்டிருந்தது நினைவுக்கு வந்தது. காரணம் மட்டும் பிடிபடவில்லை. ஊருக்கெல்லாம் வைத்தியம் பார்க்கிறவள், தன் மெஷினைத் தொட்டுவிட்டு விழித்துக்கொண்டு நின்றாள். அவளுக்கு அழுகையே வந்துவிட்டது.

கேட்கலாம் என்றால் வெட்கம். திராட்சையண்ணனே வந்து என் மெஷின் அணைகிறது என்று நின்றால் நன்றாகவா இருக்கும்? 'புதுஆள்' என்று இன்னொரு பெயரில் நுழைந்து, மெஷின் தானாக அணைகிறது, என்ன செய்ய என்று ஒரே வரியில் கேட்டாள். எதையும் மறைக்காமல் விவரமாகச் சொல்லுங்கள் என்று எல்லோரையும் அதட்டுகிறவள் எழுதிய லட்சணம் அது. ஒற்றை வரிக்கு யார் என்ன சொல்ல முடியும்? யாரும் சொல்லவில்லை.

தேர்வுக்கு முந்தின நாள், வியாழக்கிழமை மாலையில்தான் ஒருவர் வந்தார். பெயர் ஐங்கரன், ஊர் வவுனியா. என்ன மெஷின், எப்போது அணைகிறது, எந்த நாளில் என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். நாள் என்று கேட்டதும்தான் ரெஹானா எண்ணிப் பார்த்தாள். அணைந்ததெல்லாம் வெள்ளிக்கிழமை. ஆனி பிறந்த பிறகு வந்த வெள்ளிக்கிழமைகள். அறையில் யாராவது புகை பிடிப்பார்களா என்று ஐங்கரன் கேட்டார். அவளுக்குச் சுருக்கென்றது. அஜீஸ் பீடியைக் கையால்கூடத் தொடாத மனிதர். இல்லவே இல்லை என்று அடித்து எழுதினாள்.

கொஞ்ச நேரம் கழித்துப் பதில் வந்தது.

"குறை நினைக்காதேங்கோ. இல்லை எண்டு சொன்னால் வேற விதமாத் திருப்பிக் கேக்கச் சொல்லி இந்தக் குழுவில பன்னீர்திராட்சை எண்டு ஒரு ஐயா சொல்லித் தந்தவர். நான் இஞ்ச கம்ப்யூட்டர் திருத்துற கடை நடத்துறதே அவற்ர சொல்லை வச்சுத்தான். சிகரெட் இல்லாட்டி, வேற ஏதும் புகை வாறதோ? அடுப்பு, நுளம்புத்திரி, அதுதான் உங்கட கொசுவத்தி, சாம்பிராணி?"

ரெஹானாவுக்கு உடம்பு புல்லரித்துப் போனது. கடல் தாண்டி ஓர் ஊரில், பார்த்தே இராத ஒரு மனிதர், தான் என்றோ பூண்டுத் தோலைப் பார்த்துவிட்டு எழுதிய வரியை வைத்துக் கடை நடத்துகிறார். அந்த வரி எத்தனை மெஷின்களைத் தாண்டி, எத்தனை பேர் வாய்க்குள் புகுந்து, இப்போது அவள் மேசைக்கே வந்து நிற்கிறது. அல்லாஹ்வே என்று சொல்லிக்கொண்டு குனிந்து பார்த்தாள்.

மேசைக்கு அடியில் கம்ப்யூட்டர் பெட்டி. அதன் மூக்கு நுனியில் சாம்பிராணிச் சட்டி.

வெள்ளிக்கிழமை ஜும்மா முடிந்து கடை திறந்ததும் சிரட்டைக் கங்கு போட்டுச் சாம்பிராணி புகைப்பது அஜீஸின் அத்தா காலத்து வழக்கம். சட்டி வாசலில்தான் இருக்கும். ஆனி பிறந்தால் குமுளி மலையிலிருந்து இறங்குகிற காற்று கங்கை அள்ளித் தெருவில் வீசும் என்பதால், காற்றடிக்கும் மாதங்களில் மட்டும் சட்டி மேசைக்கு அடியில் போய்விடும். புகையோடு கங்கின் அனலையும் சேர்த்து அந்தப் பெட்டி இழுத்துக்கொண்டிருந்திருக்கிறது. சாம்பிராணி இடத்தைச் சுத்தமாக்குகிற சங்கதி. அதைப் புகை என்று நினைக்க அவளுக்குத் தோன்றவே இல்லை.

அஜீஸ் டார்ச் பிடிக்க, இந்தமுறை விசிறியையே கழற்றி எடுத்தாள். விசிறிக்கும் அடியில் இருந்த தகடுகளுக்கும் நடுவே, மேலாக ஊதினால் தெரியாத இடத்தில், பிசுபிசுவென்று பழுப்பாக ஒரு படலம். பல வருடத்துப் புகை, தூசியைச் சேர்த்துக்கொண்டு கம்பளித் துண்டுபோல இறுகியிருந்தது. அஜீஸ் விரலால் கிள்ளி எடுத்து மோந்து பார்த்தார்.

"நம்ம சரக்குதான்" என்றார்.

இருவருக்கும் சிரிப்புத் தாங்கவில்லை. பழைய பல்துலக்கியும் ஸ்பிரிட்டும் கொண்டு துடைத்து முடித்தபோது கடையே மணத்தது.

சட்டியை என்ன செய்வது என்று ரெஹானா கேட்கவில்லை. அது அவருடைய அத்தா வைத்த வழக்கம். மறுநாள் ஜும்மா முடிந்து வந்த அஜீஸ் வழக்கம்போலக் கங்கு போட்டார், சாம்பிராணி தூவினார், சட்டியைக் கையில் வைத்துக்கொண்டு மேசையை ஒரு தரம் பார்த்தார். பிறகு வெளியே போய் வாசல் படியில் வைத்தார். காற்று சீறிக்கொண்டு வந்தது. அவர் படியில், காற்றுக்கு முதுகைக் கொடுத்து, சட்டியை மறைத்து உட்கார்ந்துகொண்டார்.

"நீ பாட்டுக்கு எழுது. தெருவும் மணக்கட்டும்" என்றார்.

தேர்வு முடிகிறவரை அவர் எழுந்திருக்கவில்லை. தொப்பி வாங்க வந்தவர்களையும் கையசைத்துப் பிறகு வரச் சொல்லிவிட்டார். திரைக்கும் கதவுக்குமாக ரெஹானாவின் கண் போய்ப்போய் வந்தது. சட்டைக்குள் காற்று புகுந்து உப்பிய அந்த முதுகைப் பார்க்கும்போதெல்லாம் அவளுக்குத் தைரியம் வந்தது.

கடைசிக் கேள்வி வாயால் சொல்ல வேண்டியது. தேர்வு வைத்த அம்மாள் வாடிக்கையாளராக நடித்தார். மெஷின் அடிக்கடி அணைகிறது என்றார். ரெஹானா கேட்டதற்கெல்லாம் இல்லை, இல்லை என்றே சொன்னார். அவள் சலிக்காமல் வேறு வார்த்தையில் கேட்டாள், அப்புறம் இன்னொரு வார்த்தையில். மூன்றாவதில் அந்த அம்மாள் சிரித்துவிட்டு, மெத்தைமேல் வைத்துத்தான் பயன்படுத்துகிறேன் என்று ஒத்துக்கொண்டார். இதற்குமுன் எங்கே வேலை பார்த்தீர்கள் என்று கேட்டார். வழக்கமாக வாயில் வருவது, 'எங்கயும் இல்லைங்க, கடையில சும்மாதான்.' அன்று அது வரவில்லை.

"கேட்டவகளுக்கெல்லாம் சொல்லிக்கிட்டு இருந்தேங்க. இங்கன கம்பத்துலதான்" என்றாள்.

மெஷின் கடைசிவரை அணையவில்லை.

அடுத்த வாரம் வேலைக்கான கடிதம் வந்தது. பிரின்சி போனில் கத்திய கத்தலில் பக்கத்துக் கடைக்காரர் எட்டிப் பார்த்தார். அன்று சாயந்தரம் ரெஹானா குழுவில் தன் சொந்தப் பெயரில், நீளமாக, ஒன்றையும் மறைக்காமல் எழுதினாள். நான் அண்ணன் இல்லை, ஐயாவும் இல்லை, ரெஹானா. புதுஆளாக வந்ததும் நான்தான். என் மெஷினைக் கெடுத்தது எங்கள் கடைச் சாம்பிராணி. கண்டுபிடித்தது வவுனியா ஐங்கரன்.

வடுகபட்டி ராஜபாண்டி முதல் ஆளாக வந்து, இத்தனை நாள் அக்காவையா அண்ணே அண்ணே என்றேன் என்று தலையில் அடித்துக்கொண்டார். வாழ்த்துகள் வந்து குவிந்தன. அவள் எப்போதோ மறந்துபோன பெயர்கள், கேள்விப்பட்டே இராத ஊர்கள். உங்களால் இந்த வேலையில் இருக்கிறேன், உங்களால் படித்தேன் என்று வந்துகொண்டே இருந்தன. ரெஹானா படித்து முடியாமல், கையைக் கன்னத்தில் வைத்துக்கொண்டு பார்த்துக்கொண்டே இருந்தாள்.

ஐங்கரன் எல்லோருக்கும் கடைசியாகத்தான் வந்தார்.

"அக்கா, அப்ப அண்டைக்கு நான் உங்கட கேள்வியை உங்களிட்டயே திருப்பிக் கேட்டிருக்கிறன். எனக்கு வெக்கமாக் கிடக்கு."

ரெஹானா வாசலைப் பார்த்தாள். அஜீஸ் படியில் உட்கார்ந்து அன்றைய சரக்கைப் பிரித்துக்கொண்டிருந்தார். அவள் பதில் எழுதினாள்.

"வெக்கப்பட ஒண்ணுமில்ல தம்பி. கேள்வி எங்கிட்டதான் இருந்துச்சு. என்னயப் பாத்து அதக் கேக்கத்தான் ஆளில்லாம இருந்துச்சு."