ரேடியேட்டருக்குள்ளிருந்து வந்த யானை

எங்கள் அண்ணியின் காரில், ஸ்டியரிங்குக்கு அந்தப் பக்கம், கட்டைவிரல் உயரத்தில் ஒரு பீங்கான் யானை ஒட்டியிருக்கிறது. விருத்தாசலத்தில் பொம்மை வார்க்கிற குடும்பத்தில் யானைக்கா பஞ்சம். ஆனால் எங்கள் சூளையிலிருந்து வரும் பொம்மைகள் எல்லாம் வெள்ளை வெளேரென்று இருக்கும். இது மட்டும் டீ நிறம். ஏறுகிறவர்கள், "இது என்னா மண்ணுங்க?" என்று கேட்பார்கள். அண்ணி சாலையிலிருந்து கண்ணை எடுக்காமல், "அவரையே கேளுங்க" என்பார். அண்ணன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வார். பல வருஷம் இப்படித்தான் நடந்தது.

அண்ணியின் அப்பா டாக்ஸி ஓட்டியவர். கண் மங்கியபோது தன் பழைய அம்பாசிடரை மகளுக்குக் கொடுத்தார். மருமகனுக்கு இல்லை, மகளுக்கு. அண்ணி நாற்பது வயதுக்கு மேல் லைசென்ஸ் எடுத்தார். அதுவரை எங்கே போவதானாலும் அண்ணனுடைய பைக்கின் பின்சீட்டுதான். அண்ணனுக்கு நேரம் இருந்தால் போகலாம், இல்லாவிட்டால் உட்கார்ந்திருக்க வேண்டும். கார் வந்த பிறகு பொம்மைப் பெட்டிகளை ஏற்றிக்கொண்டு கடலூர்க் கடைகளுக்கு அவரே போய்வந்தார். பொம்மைகளுக்கு வண்ணம் தீட்டுகிற என்னையும் கூட்டிக்கொள்வார். சாவியைக் கையில் எடுத்தால் அவர் நடையே வேறு.

வண்டியை அவர் பார்த்துக்கொண்ட விதத்தை நானும் கூட இருந்து பார்த்தவள். ஞாயிறு காலையில், இன்ஜின் ஆறிக்கிடக்கும்போது, ரேடியேட்டர் மூடியைத் திறந்து கூலன்ட் எவ்வளவு நிற்கிறது என்று பார்ப்பார். ரப்பர் குழாய்களை அமுக்கிப் பார்ப்பார், ஃபேன் பெல்ட்டை விரலால் தள்ளிப் பார்ப்பார். சூடாக இருக்கும்போது அந்த மூடியில் கை வைத்தால் யாராக இருந்தாலும் திட்டு விழும். போர் தண்ணீரை ஊற்றவும் விடமாட்டார். "நம்ம வெந்நி அண்டாவப் பாத்தியா, அடியில உப்பு எப்டி அப்பிக்கிட்டு இருக்குது" என்பார். முன்பு ஒரு மெக்கானிக், வண்டி குளிர்ச்சியாக ஓடட்டும் என்று, இன்ஜின் சூட்டை ஒரே அளவில் வைத்திருக்கிற தெர்மோஸ்டாட் வால்வைக் கழற்றிப் போட்டிருந்தார். சூடு காட்டுகிற முள் எப்போதும் கீழேயே கிடக்கும், பெட்ரோல் மட்டும் குறையும். அண்ணி அதை வாங்கித் திரும்ப மாட்டவைத்தார். "சூடு கொறைஞ்சா பொம்மை வேவாது, கூடுனா கோணிக்கும். இன்ஜினும் அப்டித்தான். முள்ளு நடுவுல நிக்கணும்."

இனி அண்ணன் கதை. வார்ப்பில் அவரை மிஞ்ச எங்கள் தெருவில் ஆள் கிடையாது. வெள்ளை மண்ணைக் கஞ்சி மாதிரி கரைத்து பிளாஸ்டர் அச்சில் ஊற்றுவோம். அதற்கு ஸ்லிப் என்று பெயர். அச்சு தண்ணீரை உறிஞ்சிக்கொள்ள, மண் சுவரில் படிந்து பொம்மையாகிவிடும். ஒரு கோடையில் ரேடியேட்டரில் ஊசி முனை அளவுக்கு ஓட்டை விழுந்து சொட்டியது. ஈயம் வைக்கக் கொடுக்கலாம் என்று சொல்லிவிட்டு அண்ணி ஒரு கல்யாணத்துக்கு பஸ்ஸில் போயிருந்தார். சொட்டுகிற தண்ணீரை நின்று பார்த்த அண்ணனுக்கு மூளை வேலை செய்தது. "அச்சு தண்ணிய இழுக்குது, மண்ணு ஒட்டிக்குது. இந்த ஓட்டையும் தண்ணியத்தான இழுக்குது" என்று சொல்லிக்கொண்டே ஒரு சொம்பு ஸ்லிப்பை ரேடியேட்டரில் ஊற்றி இன்ஜினை ஓடவிட்டார். பாவம், அவர் சொன்னபடி ஒழுக்கு நின்றுதான் போனது. கூடவே உள்ளே தண்ணீர் ஓடுகிற சன்னக் குழாய்களும் அடைத்துக்கொண்டன.

மறுநாள் பாலம் ஏறுவதற்குள் முள் சிவப்புக்குப் போய்விட்டது. அண்ணி உடனே ஓரம் கட்டி அணைத்ததால் இன்ஜின் பிழைத்தது. ரேடியேட்டர் வேலை செய்கிறவர் கழற்றிப் பார்த்துவிட்டு, "உள்ள மண்ணு செட்டாயிடுச்சுங்க. கூட்டையே மாத்தணும். இந்த வண்டிக்கு இப்ப கெடைக்காது" என்று திருப்பிக் கொடுத்தார். மண் என்றதுமே யார் வேலை என்று எங்களுக்குப் புரிந்துவிட்டது, ஆனால் அண்ணன் அதை ஒத்துக்கொள்ளவில்லை. "பழைய வண்டிதான, வுடு" என்று மங்கலம்பேட்டை பழைய இரும்புக்கடை பாய்க்கு போன் போட்டார். ஞாயிறு காலை வந்து பார்ப்பதாக பாய் சொன்னார். வண்டி போனால் அண்ணிக்குத் திரும்பவும் பின்சீட்டுதான். அவர் அன்று சாப்பிடவில்லை. எனக்கு அண்ணன் மேல் வந்த கோபத்துக்கு அளவில்லை.

சனிக்கிழமை காலையில் பட்டறையில் ஸ்லிப் கெட்டியாகிவிட்டது. அண்ணன் வழக்கம்போல அதில் கொஞ்சம் சோடியம் சிலிகேட் விட்டுக் கிண்டினார். ஒரு சொட்டுத் தண்ணீர் சேர்க்காமலே கெட்டிக் கஞ்சி மோர் மாதிரி இளகியது. தினமும் நடக்கிற வேலைதான், யாரும் நின்று பார்க்க மாட்டோம். அன்றைக்கு அண்ணி நின்று பார்த்தார். பிறகு சிலிகேட் கேனைத் தூக்கிக்கொண்டு வெளியே போனார்.

சுவரில் சாய்ந்து கிடந்த ரேடியேட்டரின் கீழ்வாயை அடைத்தோம். வெந்நீரில் சிலிகேட்டும் கொஞ்சம் சோடாவும் கரைத்து ஊற்றி, இரண்டு பேரும் பிள்ளையைத் தாலாட்டுகிற மாதிரி ஆட்டினோம். ஊறவிட்டுத் திறந்தபோது முதலில் சொட்டுச் சொட்டாக, அப்புறம் குபுகுபுவென்று, துருவும் மண்ணுமாக வாளியில் கொட்டியது. அண்ணி என் தோளைப் பிடித்துக்கொண்டார். கீழிருந்து மேலாக ஹோஸ் வைத்து அலசினோம், இன்ஜினுக்குள்ளும் அலசினோம். தள்ளி நின்று பார்த்துக்கொண்டிருந்த அண்ணன், கேட்காமலே வாளியில் தண்ணீர் தூக்கிக் கொண்டுவர ஆரம்பித்தார். தெளிந்த தண்ணீர் வரும்வரை விடவில்லை. சாயங்காலம் அதே ரேடியேட்டர்காரர் உள்ளே டார்ச் அடித்துப் பார்த்து, "என்னாக்கா போட்டீங்க?" என்றார். "மண்ணுக்குப் போடறதத்தான் போட்டேன். நீங்க ஓட்டைக்கு ஈயம் வைங்க" என்றார் அண்ணி.

ஞாயிறு காலை பாய் பஸ்ஸில் வந்து இறங்கினார். அண்ணி புதுக் கூலன்ட் ஊற்றி மூடியை இறுக்கிக்கொண்டிருந்தார். "ஏறுங்க பாய். வண்டிய ஓட்டிப் பாத்துட்டே வெல பேசலாம். ஒங்க வூட்டாண்டயே வுட்டுடறேன்" என்றார். பாய் முன்னால் ஏற, அண்ணனும் நானும் பின்னால் உட்கார்ந்தோம். வெயில் மண்டையைப் பிளந்தது. பாதி வழியில் கரும்பு டிராக்டர் ஒன்று சாலையை அடைத்துக்கொண்டு நின்றுவிட்டது. ஓடுகிற வண்டிக்குக் காற்றாவது கிடைக்கும், நின்று உறுமுகிற வண்டிதான் கொதிக்கும். அண்ணன் சீட்டுக்கு நடுவே தலையை நீட்டி முள்ளையே பார்த்தார். பாயும் பார்த்தார். முள் மெல்ல ஏறி நடுவுக்கு வந்தது. வந்து, அங்கேயே நின்றது. டிராக்டர் நகரும்வரை அது அசையவில்லை. எனக்குக் கை தட்ட வேண்டும் போலிருந்தது.

வீட்டு வாசலில் இறங்கிய பாய், பானெட்டில் கை வைத்துப் பார்த்துவிட்டுச் சிரித்தார். "ஓடாத வண்டியத்தான் நான் வாங்கறது. இது எனக்கு ஆவாது. உள்ள வாங்க, டீ குடிச்சிட்டுப் போவீங்க."

டீ குடித்துத் திரும்பும்போது அண்ணன் முன்சீட்டில் உட்கார்ந்தார். வாளியில் கொட்டிய மண்ணை அண்ணி சாக்கடையில் ஊற்ற விடவில்லை. நாள்பட அது அடியில் தங்கியதும், மேல் தண்ணீரை வடித்துவிட்டு, யானை அச்சில் அமுக்கிச் சூளையில் வைத்தார். ரேடியேட்டர் துரு கலந்திருந்ததால் டீ நிறத்தில் வெந்து வந்தது.

போன வாரம் அண்ணனும் கூட வர, கடலூருக்குப் பெட்டி ஏற்றிப் போகும்போது, பஸ் நிறுத்தத்தில் பாய் நின்றுகொண்டிருந்தார். அண்ணி ஏற்றிக்கொண்டார். கொஞ்ச தூரம் போனதும் பாயின் கண் யானை மேல் விழுந்தது. "இது என்னா மண்ணு, அக்கா?"

"அவரையே கேளுங்க" என்றார் அண்ணி.

நான் அண்ணனைப் பார்த்தேன். அவர் ஜன்னல் பக்கம் திரும்பவில்லை. "நான் உள்ள ஊத்துனது பாய்" என்றார். "இவ வெளிய எடுத்தா."

அண்ணி சாலையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. காது வரைக்கும் சிரிப்பு. யானைக்குப் பக்கத்தில் முள் நடுவில் நின்றது.