முப்பத்தெட்டாவது பொதி

எழுதிப் பழக்கமில்லாத நான் இதை எழுதத் துணிந்ததே அதிகப்பிரசங்கித்தனம். பெரியோர் பொறுத்தருள வேண்டும். ஆயினும், என்னுடன் பணிபுரியும் நண்பருக்கு நேர்ந்த இதில் எள்ளளவும் கற்பனை இல்லை.

வீட்டில் அவருக்கு ‘அவசரம்’ என்று பட்டப்பெயர். கணினி எதைக் கேட்டாலும், படிக்காமலே ‘ஒய்’ அடித்துச் சம்மதம் சொல்லிவிடுவார். பொண்ணு யாருன்னு பார்க்காமலே தாலி கட்டுவான் என்று அவருடைய அண்ணன் கேலி செய்வாராம்.

அந்த அண்ணன் இறந்து பதினொரு மாதம். அண்ணிக்குக் கண்பார்வை இல்லை. திரையில் உள்ளதைக் கணினி வாசிக்க, அதைக் கேட்டுத்தான் மொழிபெயர்ப்பு வேலை செய்கிறார். வாசிக்கும் குரல் அண்ணனுடையது. மனைவிக்காகத் தம் குரலையே பதிந்து, மென்பொருள் பொதியாக்கி, அந்த லினக்ஸ் கணினியில் நிறுவியிருந்தார்.

ஒரு சனிக்கிழமைப் பிற்பகல். சேமிப்பு வட்டில் இடம் தீர்ந்து கணினி திணறியது. வேண்டாத பொதிகளை நீக்கித் தரும்படி அண்ணி அழைத்தார்.

“எதை வேணும்னாலும் தூக்கிடுப்பா. அவர் குரல்ல மட்டும் கை வெச்சிடாத.”

பதறாத காரியம் சிதறாது என்று, அன்று அவசரம் நிதானமாகவே இருந்தார். 2.55-க்கு ஒத்திகைக் கட்டளை கொடுத்தார். அது எதையும் நீக்காது. நீங்கப்போகிறவற்றைக் காட்டும், அவ்வளவே. முப்பத்தேழு பொதிகள். விரல் வைத்து இருமுறை படித்தார். குரலின் பெயர் அதில் இல்லை. நிம்மதியாயிற்று.

அண்ணன் குரலும் பட்டியலை வரிசையாக எண்ணி வாசித்தது. கடைசியில்... “முப்பத்தெட்டு” என்று நிறுத்தியது.

மறுபடி எண்ணினார். முப்பத்தேழுதான்.

3.10. மெய்யான கட்டளை. நீக்கலாமா என்று திரை கேட்டது. ‘ஒய்’ அடித்தார். வரிகள் ஓடி முடிந்தன.

அப்போது... ஒரு செருமல்.

பதிந்து வைத்த குரல் தொண்டையைச் செருமாது.

ஒலிபெருக்கியின் வயரைப் பிடுங்கினார். அப்படியும் அண்ணன் குரல் வந்தது.

“நான் ஒருத்தன் பாக்கி...”

திரையில் ஒன்றுமில்லை.

“போகலாமா?”

விரல் முந்திக்கொண்டது. ‘ஒய்’.

3.14.

அமைதி...

அடுத்த அறையிலிருந்து அண்ணி சுவரைத் தடவியபடி வந்து நின்றார்.

“உங்க அண்ணன் ஏதோ கேட்டாரே... நீ என்னப்பா சொன்ன?”

வயரை மீண்டும் மாட்டியும் பயனில்லை. நிறுவியதும் நீக்கியதும் பதிவாகும் கணினியின் பதிவேட்டைத் திறந்தார். அன்று நீங்கியவை முப்பத்தேழே. குரல் பொதி அவற்றில் இல்லை. அது நீங்கிய வரி பழைய பதிவுகளில் கிடந்தது. தேதி, அண்ணன் மருத்துவமனையில் உயிர்விட்ட நாள். எல்லோரும் அங்கிருக்க, வீடு பூட்டிக் கிடந்த பிற்பகல் 3.14. அதன்பின் அதை யாரும் நிறுவவேயில்லை.

பதினொரு மாதங்கள் அண்ணிக்கு வாசித்துக் காட்டியது எது என்று அவர் என்னிடம் சொல்லவில்லை.

அன்று போனவை: பொதிகள், முப்பத்தேழு. குரல், ஒன்று. நகல், ஏதுமில்லை.